ஐம்பத்தோராவது எண்

நான் செய்த வேலைகளிலேயே நினைத்தால் குமட்டுகிற வேலை ஒன்று உண்டு. அதில் ஒரு பிழையும் கிடையாது. கேட்டதைவிட நன்றாகவே செய்து கொடுத்தேன். பாராட்டினார்கள், கை தட்டினார்கள், அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அந்தக் கேக்கின் இனிப்பு இப்போதும் சில சமயம் நாக்கில் வந்து நிற்கும். உடனே எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வருவேன்.

அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டேட்டா இன்ஜினியராக இருந்தேன். வீடு ஆவடி சேக்காட்டில். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதால் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன்; கல்யாணத்துக்குப் பிறகும் ஆவடியை விட்டுப் போகவில்லை. காலையில் ரயில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்கி, கால்வாய் ஓரமாகப் பத்து நிமிடம் நடந்தால் ஆபீஸ். அந்தக் கால்வாயில் ஒரு நாள் பச்சைத் தண்ணீர் ஓடும், ஒரு நாள் ஊதா. மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பது பழகிப்போயிருந்தது.

எங்கள் மேனேஜர் கார் சாவியால் காது குடைபவர். குடைந்த சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அன்றும் அப்படித்தான் வைத்தார். புதிதாக ஒரு வாடிக்கையாளர் கிடைத்திருப்பதாகச் சொன்னார். பொருட்களைச் சேமித்து, பேக் செய்து, அனுப்பி வைக்கிற பெரிய குடோன்காரர்கள். பல ஊர்களில் குடோன்கள், அதில் பெரியது நசரத்பேட்டையில். அங்கே வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு சின்ன ஸ்கேனர் கட்டியிருக்கும். ஒரு பொருளை எடுத்து ஸ்கேன் செய்தால் ஒரு வரி பதிவாகும். இப்படி மூன்று வருடத்துப் பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு கம்ப்யூட்டரில் திறந்தால் கம்ப்யூட்டரே நின்றுவிடும் அளவுக்கு. அதனால் கிளவுடில் ஒரு கிளஸ்டர் அமைத்து, அத்தனையையும் அலசித் தர வேண்டும்.

“முழுசா நீயே பண்ணும்மா, யாரும் தலையிட மாட்டாங்க” என்றார்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது. அதுவரை மற்றவர்கள் கட்டி வைத்ததில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். முதல் முறையாக ஒரு கிளஸ்டர் முழுவதும் என் கையில் வந்தது.

கிளவுட் என்றால் வானத்தில் ஏதோ இருப்பதாக என் மாமியார் நினைத்துக்கொண்டிருக்கிறார். விஷயம் எளிது. ஒரு பெரிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கி, ஏசி போட்டுக் குளிர வைத்திருக்கிறார்கள். நாம் இங்கே உட்கார்ந்து அதில் சிலவற்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். நான் ஐந்து எடுத்தேன்; இப்படிச் சேர்ந்து வேலை செய்கிற கூட்டத்துக்குத்தான் கிளஸ்டர் என்று பெயர். ஒன்று தலைமை மெஷின். மற்ற நான்குக்கும் எங்கள் தொழிலில் வொர்க்கர் என்று பெயர். பெரிய கோப்பைத் துண்டு துண்டாக வெட்டி, தலைமை மெஷின் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுக்கும். நான்கும் தங்கள் பங்கை முடித்துத் திருப்பித் தரும். ஒருத்தி நான்கு நாள் ஆய வேண்டிய கீரையை நாலு பேர் உட்கார்ந்து ஒரு நாளில் ஆய்வது போலத்தான்.

சொல்வதற்கு இவ்வளவு எளிது. செய்யும்போது மூன்று நாள் உயிரை வாங்கியது. பொத்தானை அழுத்தினால் பத்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு சிவப்பு எழுத்தில் தோல்வி என்று வரும். முதலில் டேட்டா இருக்கும் இடத்தைத் திறக்க அனுமதி இல்லை என்றது. அதைக் கொடுத்தேன். பிறகு காரணமே சொல்லாமல் தோற்றது. அழித்துவிட்டு மறுபடி அமைத்தேன். மறுபடி தோற்றது. மூன்றாம் நாள் மதியம், பக்கத்து இருக்கையில் இருந்த நண்பர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பூந்தமல்லிக்காரர், என்னைவிட ஆறேழு வயது சின்னவர், நெட்வொர்க் வேலையில் கெட்டிக்காரர். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்று நான் போட்ட பூட்டு, உள்ளே இருக்கிற ஐந்து மெஷின்களையும் ஒன்றோடொன்று பேசவிடாமல் செய்திருக்கிறது என்று காட்டினார். ஒரே ஒரு விதியை மாற்றினோம். பச்சை டிக் வந்தது. ஐந்தும் எழுந்து நின்றன. நாங்கள் இருவரும் கீழே போய் டீ குடித்தோம். எனக்கு வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

அடுத்த வாரம் குடோன்காரர்கள் என்ன வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். ஒருவர் செய்கிற ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் இடையில் ஆறு நிமிடத்துக்கு மேல் போனால், அந்த நேரம் முழுவதும் அவர் சும்மா இருந்த நேரம். அப்படி ஒவ்வொருவரும் மாதத்துக்கு எவ்வளவு நேரம் சும்மா இருந்தார்கள் என்று கணக்கிட்டு, அதிகமாகச் சும்மா இருந்தவர் முதலாக வரிசைப்படுத்தித் தர வேண்டும். சாப்பாட்டு இடைவேளையைக் கழித்துக்கொள்ளலாம்.

எழுதினேன். கிளஸ்டர் நாற்பது நிமிடத்தில் முடித்துக் கொடுத்தது. வரிசையைப் பார்த்தபோது மேலே இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். பெயர் கிடையாது, ஐந்து இலக்க எண், வயது, ஆணா பெண்ணா என்பது மட்டும்தான். மேனேஜரிடம் காட்டினேன். அவர் சிரித்தார். பொம்பளைங்க நாலு பேர் சேர்ந்தா பேச்சு நிக்குமா என்றார். அங்கே நின்றுகொண்டிருந்த நான் யார் என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. நானும் பாதிச் சிரிப்பு சிரித்தேன். அந்தப் பாதிச் சிரிப்பையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. சில ஸ்கேனர்களில் நேரம் ஐந்தரை மணி தள்ளிப் பதிவாகியிருந்தது. காலை ஷிப்ட்காரர்கள் விடியற்காலையில் வேலை செய்ததாகக் காட்டியது. எந்தெந்த ஸ்கேனர் என்று நேரில் பார்த்துக் குறித்துக்கொண்டு வரலாம் என்று என்னை நசரத்பேட்டைக்கு அனுப்பினார்கள்.

பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பி, லாரிகளுக்கு நடுவே கார் போய் நின்றது. குடோன் அதிகாரி ஒருவர் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். முழுக்கை வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. சாத்துக்குடி ஜூஸ் வரவழைத்தார். ஏசி அறையின் கண்ணாடி வழியாக ஹால் முழுவதும் தெரிந்தது. அடுக்கடுக்காக இரும்பு ராக்குகள், நடுவில் தள்ளுவண்டிகளோடு நீலக் கோட்டு போட்ட பெண்கள் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்கேனர்களைச் சரிபார்த்து முடிக்கவே ஒரு மணி ஆகிவிட்டது. கிளம்பும் முன் பாத்ரூம் எங்கே என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. அலுவலகப் பாத்ரூம் ஆண்களுக்கானது என்றும், பெண்கள் இங்கே அலுவலகத்தில் யாரும் இல்லை என்றும், வேண்டுமானால் பூந்தமல்லியில் நல்ல ஹோட்டல் இருக்கிறது, கார் டிரைவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னார். பூந்தமல்லி வரை தாங்காது என்று அவரிடம் சொல்ல முடியாது. வேலை செய்கிற பெண்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டேன். வெளியே கையைக் காட்டினார். கூட வரவில்லை.

ஹாலைக் கடந்து, பின்வாசல் வழியே வெளியே வந்து, லாரிகள் ரிவர்ஸ் எடுக்கிற முற்றத்தைச் சுற்றிக்கொண்டு, ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் போக வேண்டும். வெயில் தார் போல ஒட்டியது. ஷெட்டைத் தாண்டும் முன்பே நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். வெளியே ஏழெட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். ஒருத்தி உள்ளே இருக்கும்போது இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் கிடையாது.

எனக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள். எங்கள் கட்டடத்தில் கீழ் போர்ஷனில் குடியிருப்பவள். இரண்டு பிள்ளைகள், கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தினமும் காலையில் வேன் வந்து அவளை ஏற்றிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பூந்தமல்லிப் பக்கம் ஏதோ பேக்கிங் வேலை என்றுதான் தெரியும். அவளுக்குச் சம்பளம் தரும் ஏஜென்சியின் பெயர் வேறு. இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

“இன்னாக்கா, நீ எங்க இங்க?” என்றாள்.

ஆபீஸ் வேலையாக வந்தேன் என்றேன். என் முறை வந்ததும் அவளே கதவைப் பிடித்தாள். “தாப்பா இல்ல. நான் புட்ச்சிக்கிறேன், நீ போ.”

உள்ளே நான் பார்த்ததை ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும். தரையில் கணுக்கால் நனைகிற அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். அதில் இரண்டு செங்கல் போட்டிருந்தார்கள், கால் வைக்க. குப்பைக்கூடை இல்லாததால் உபயோகித்த நாப்கின்களைக் காகிதத்தில் சுற்றி ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே செருகியிருந்தார்கள். ஜன்னல் முழுவதும் அடைந்து, வெளிச்சமே வராமல், ஈக்கள் மட்டும் உள்ளே வந்து போயின. ஒரு நீல டிரம். அடியில் கொஞ்சம் தண்ணீர், அதில் புழு நெளிந்தது. கைப்பிடி உடைந்த மக். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், பிடித்த மூச்சு பாதியில் தீர்ந்துவிட்டது. வெளியே வந்து ஷெட் சுவரைப் பிடித்துக்கொண்டு சாத்துக்குடி ஜூஸ் முழுவதையும் வாந்தி எடுத்தேன். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

வரிசையில் நின்றிருந்த ஒரு வயதான அம்மா தன் பாட்டிலைக் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொன்னார். முக்காடு போட்டு, அதன்மேல் நீலக் கோட்டு. கீழ் வீட்டுக்காரி அவரைப் பெரிம்மா என்று கூப்பிட்டாள். இவள் போகும்போது அவர் கதவைப் பிடிப்பாராம், அவர் போகும்போது இவள். இருவரும் எப்போதும் ஒன்றாகத்தான் வருவார்களாம்.

“காலீல ஊட்ல ஒரு டம்ளர் காபி. அப்பால சாயந்தரம் ஊட்டுக்குப் போய்தான்க்கா தண்ணி” என்றாள். மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். “இத்த கட்டிகினு கீறோமே, இது இப்ப எல்லாத்தயும் அனுப்புதாம். எங்க நிக்கிறோம், எம்மா நேரம் நிக்கிறோம், எல்லாம். எவனோ ஒருத்தன் குந்திகினு பாக்குறானாம்.”

அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் ஐந்து இலக்க எண் இருந்தது. படிக்க வேண்டும் என்று படிக்கவில்லை. கண்ணில் பட்டது, மனதில் ஒட்டிக்கொண்டது. பின்வாசலைத் தாண்டியதிலிருந்து திரும்ப ஹாலுக்குள் நுழையும் வரை பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. அவள் கதவு பிடித்த நேரத்தையும் சேர்த்தால், அவளுக்கு இன்னும் அதிகம்.

மறுநாள் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அது சும்மா இருந்த நேரம் இல்லை, பாத்ரூம் போய் வருகிற நேரம், அந்தப் பாத்ரூம் இருக்கிற லட்சணம் இது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது இதைப் பேசாதே என்பது போலக் கையைக் காட்டினார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, என் மேஜைக்கு வந்து சாவியை வைத்தார்.

“நம்ம வேலை பைப்பு போடறதும்மா. பைப்புல என்ன ஓடுதுன்னு பாக்கறது நம்ம வேலை இல்ல.”

நான் விடவில்லை. அந்த டேட்டாவிலேயே ஆதாரம் இருந்தது. ஸ்கேனர் எப்போதும் பக்கத்தில் இருக்கிற வைஃபை பெட்டியோடு இணைந்திருக்கும். எந்தப் பெட்டி என்பதும் பதிவாகும். நீண்ட இடைவெளிகளைத் தனியே எடுத்து, அந்த நேரத்தில் ஸ்கேனர் எந்தப் பெட்டியோடு இருந்தது என்று கிளஸ்டரைக் கேட்டேன். பெரும்பாலானவை பின்வாசல் பெட்டி. போவதும் அதன் வழி, வருவதும் அதன் வழி. நடுவில் எந்தப் பெட்டியும் இல்லாத கொஞ்ச நேரம். அது ஷெட்டுக்குப் பின்னால் சிக்னல் எட்டாத இடம். மூன்று வருடமாகப் பெண்கள் அந்த வரிசையில் நின்றதை நிமிடம் நிமிடமாக எண்ணி, அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டேன். மேனேஜர் அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டார். குடோன்காரர்கள் இப்போது கேட்பது வரிசையின் முதல் ஐம்பது எண்கள் மட்டும்தான் என்றார். எதற்கு ஐம்பது என்று கேட்டதற்கு, “ஐடிலா, சும்மா இருக்கற வொர்க்கரக் கழட்டி விடணும் இல்லையா” என்றார். அரை நொடி அவர் என் மெஷின்களைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்தேன்.

இருக்கைக்குத் திரும்பி, அந்த ஐந்து இலக்க எண்ணைத் தேடினேன். முப்பத்தேழாவது இடத்தில் இருந்தது.

இதற்கு மேல் நடந்ததை நான் யார் தலையிலும் போட முடியாது. ஒரு வரி எழுதினேன். இந்த எண்ணை விட்டுவிடு என்று அர்த்தம் தரும் ஒரு வரி. ஓடவிட்டேன். முதல் ஐம்பதைத் தா என்ற கட்டளை அப்படியே இருந்ததால், முப்பத்தேழாவது எண் போனதும் கீழே இருந்தவர்கள் எல்லோரும் ஓரிடம் மேலே ஏறினார்கள். ஐம்பத்தோராவதாக இருந்த எண் ஐம்பதாவதாக வந்து நின்றது. பெண், வயது ஐம்பத்தேழு. அந்தப் பட்டியலிலேயே மூத்த வயது அதுதான். நான் அதைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் அனுப்பினேன். அனுப்பிவிட்டு ஒரு நல்ல காரியம் செய்தவளைப் போல ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள்தான் அந்தக் கேக். எங்கள் குழுவின் முதல் பெரிய கிளஸ்டர் என்று அதன்மேல் எழுதியிருந்தது. எனக்குத்தான் முதல் துண்டு ஊட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மதியம், மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டுக்காரி வாளியோடு மேலே வந்தாள். கண் வீங்கியிருந்தது. நானாக எதுவும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“நேத்து மீட்டிங்கு போட்டாங்கக்கா. அம்பது நம்பர் பட்ச்சான். பட்ச்ச நம்பர்லாம் திங்கக்கெழமலேர்ந்து வர வாணாம்னுட்டான். என் நம்பர் வரும் வரும்னு நின்னுகினு இருந்தேன். வர்ல. பெரிம்மா நம்பர் வந்துச்சி. கடசீ நம்பரு.”

ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவள் அழுதாள். நான் அவள் தோளைத் தொட்டேன். தொட்ட கையை உடனே எடுத்துவிட்டேன். எனக்கே அந்தக் கை பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை பூந்தமல்லி நண்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பில்லை என்று சொல்வார் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. “அவங்களும் ஒரு லிஸ்ட் போட்டாங்க, நீங்களும் ஒரு லிஸ்ட் போட்டீங்கக்கா” என்றார். பிறகு, மேனேஜர் நீக்கிய அந்த முதல் பக்கம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

அன்றே உட்கார்ந்து எழுதினேன். குடோன் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, தொழிலாளர் நலன் பார்க்கும் அரசு அலுவலகத்துக்கு ஒன்று. கண்ணால் பார்த்த பாத்ரூமை எழுதினேன். பின்வாசல் பெட்டியின் கணக்கை இணைத்தேன். என் பெயரைப் போட்டேன். பட்டியலில் நான் கை வைத்ததை மட்டும் எழுதவில்லை. எழுதினால் கீழ் வீட்டுக்காரியின் வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். என் தொழிலே போய்விடும் என்பதும் உண்மைதான். எது முதலில் தோன்றியது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

ஒரு மாதத்துக்குள் அதிகாரிகள் குடோனுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஹாலை ஒட்டினாற்போல் புதிதாக ஆறு பாத்ரூம்கள் கட்டினார்கள். டைல்ஸ், தாழ்ப்பாள், குழாய்த் தண்ணீர், மூடி போட்ட கூடை எல்லாம் இருப்பதாகக் கீழ் வீட்டுக்காரி சொன்னாள். வெளியே அனுப்பிய ஐம்பது பேரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அவர்கள் ஏஜென்சி ஆட்கள் என்றும், அனுப்பியது ஏஜென்சியின் முடிவு என்றும் பதில் வந்தது. எங்கள் கம்பெனியில் என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, வாடிக்கையாளரின் டேட்டாவை வெளியே கொடுத்தது எவ்வளவு பெரிய குற்றம் என்று விளக்கினார்கள். நானாக ராஜினாமா செய்தால் விஷயம் அதோடு முடியும் என்றார்கள். செய்தேன். கடைசி நாள் கிளஸ்டரை அழித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. ஆமாம் என்றேன். மூன்று நாள் என்னைப் பாடாய்ப் படுத்தி எழுந்து நின்றது, இரண்டு நிமிடத்தில் இல்லாமல் போனது. அந்தப் பட்டியல் மட்டும் அழியாமல் அவர்களிடம் இருந்தது.

வீட்டில் இருந்த அந்த நாட்களில்தான் கீழ் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவள் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கை நின்றது.

“அப்போ என் நம்பர் அதுல இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எத்தினியாவது?”

“முப்பத்தேழு.”

செதில் ஒட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “நான் கேட்டனாக்கா உன்ன?” என்றாள். குரல் உயரவில்லை. பிறகு, பெரிம்மாவிடம் இதைத் தன் வாயால் சொல்ல மாட்டாள் என்றும், நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லி, வீடு எங்கே என்று அடையாளம் சொன்னாள்.

போனேன். பூந்தமல்லியில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. மருமகன் மெத்தை தைப்பவர். வாசல் முழுவதும் பஞ்சு. அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. வாந்தி எடுத்த பொண்ணுதானே என்று கேட்டு, உட்கார நாற்காலி போட்டார். சர்பத் கலக்கப் போனவரைத் தடுத்து, நின்றபடியே சொன்னேன். கம்ப்யூட்டர் விஷயம் புரியாது என்று நினைத்துச் சுற்றி வளைத்தேன். அவர் இரண்டாவது வாக்கியத்திலேயே புரிந்துகொண்டார்.

“அந்தப் பொண்ணு பொழைக்கட்டும்னு என்னத் தள்ளிட்ட” என்றார்.

அது நீங்கள் என்று தெரியாது என்றேன். அந்தச் சமயத்தில் அது ஒரு நல்ல பதிலாகத் தோன்றியது.

“வேற எவளோன்னா பரவால்லியா?”

பஞ்சு காற்றில் பறந்து என் முகத்தில் ஒட்டியது. தட்டிவிடக்கூட முடியவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, சபிக்கவும் இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“சொல்லிட்டல்ல, உனுக்கு லேசா ஆயிருக்கும். கெளம்பும்மா. பாங்கு சொல்லப் போறாங்க, நான் தொழணும்.”

அவருக்கு வேறு வேலை தேடித் தரலாம் என்று பேச்சை எடுத்தேன். வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். பிறகு கீழ் வீட்டுக்காரியின் மூலம் கேள்விப்பட்டேன், ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறாராம், நாள் முழுக்க நிற்க வேண்டிய வேலையாம். கீழ் வீட்டுக்காரி இன்னும் அந்தக் குடோனுக்குத்தான் போகிறாள். படியில் பார்த்தால் சாப்டியாக்கா என்று கேட்பாள். முன்பு போலப் பிள்ளைகளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போவதில்லை. அக்கா என்ற வார்த்தையில் இருந்த ஏதோ ஒன்று கழன்று போயிருக்கிறது.

நான்கு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். பிறகு வேறொரு கம்பெனியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தனியாகச் செய்த பெரிய வேலை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சின்னச் சின்ன வேலைகள் நிறைய இருந்தன. நான் அந்தக் கிளஸ்டரைச் சொன்னேன். ஐந்து மெஷின், மூன்று வருட டேட்டா, உள்ளே போட்ட பூட்டில் இருந்த சிக்கல், நாற்பது நிமிடத்தில் முடித்தது, எல்லாவற்றையும் கோர்வையாகச் சொன்னேன். நடுவில் இருந்தவர் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். டேட்டா எதைப் பற்றியது என்று ஓரத்தில் இருந்த பெண் கேட்டார்.

“பணியாளர்களின் உற்பத்தித் திறன்” என்றேன்.

அந்த வாரமே வேலைக்குச் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது.